ஒரு குழாய் ரத்தம்

சமையலறை மேடையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் ஒரு கரண்டியும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சிவப்பு நகப்பூச்சுக் குப்பியைத் திறந்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு புள்ளி வைத்தார். காயட்டும் என்று வாயால் ஊதினார். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை. ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தாலும் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் இன்னும் டீச்சர்தான்.

"இனிமே இது உன்னோடது," என்றார் மருமகளிடம். "தப்பா எடுத்துக்காதே. சுத்தம்னு ஒண்ணு இருக்குல்ல."

மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நகப்பூச்சு அவளுடையது. போன மாதம் ஆசைப்பட்டு வாங்கி, இரண்டே தடவை போட்டுக்கொண்டது.

முந்தின நாள் காலையில்தான் மகப்பேறு மருத்துவமனையில் அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி என்கிற வைரஸ் இருக்கிறது. கல்லீரலைத் தாக்குகிற கிருமி. பல வருஷம் சத்தமே போடாமல் உள்ளே இருக்கும். சிலருக்குக் கல்லீரல் சுருங்கிப்போகும், சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய்விடும்.

"பயப்படாதேம்மா. கண்காணிச்சுக்கிட்டே இருந்தா நல்லா வாழலாம். குழந்தை பிறந்த அன்னைக்கே ரெண்டு ஊசி போடுவோம். அதுக்குப் போகாம தடுத்துடலாம். ஆனா ஒண்ணு. உன் புருஷன், அவங்க அம்மா, வீட்டுல இருக்கற எல்லாரும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாத்துடணும். இல்லாதவங்களுக்குத் தடுப்பூசி போட்டுடலாம்."

"இது எப்படி டாக்டர் பரவுது? சாப்பாட்டுல, தண்ணியிலயா?"

"இல்லவே இல்ல. ஒரே தட்டுல சாப்பிடலாம், கட்டிப் பிடிக்கலாம், ஒண்ணும் ஆகாது. ரத்தம் வழியாப் பரவும். பிரசவத்துல அம்மாகிட்டேருந்து குழந்தைக்கு, புருஷன் பொண்டாட்டிக்குள்ள, சுத்தம் பண்ணாத ஊசி, ஒருத்தர் ஷேவ் பண்ணின பிளேடை இன்னொருத்தர் எடுக்கறது, இப்படி."

அவள் ஒளிவுமறைவு அறியாதவள். வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் மாமியாரிடம் சொன்னாள். அறிவியல் டீச்சராயிற்றே, புரிந்துகொள்வார் என்று நம்பினாள். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்கேருந்து கொண்டு வந்தே இதை?"

அடுத்த நாள் காலையில் நகப்பூச்சு வந்துவிட்டது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் அவன் கைபடாத உயரமான கட்டடம் குறைவு. மெலிந்த உடம்பு, ஆனால் இரும்புக் கயிறு மாதிரி முறுக்கு. கூட வேலை செய்கிறவர்கள் அவனைக் "கயிறு" என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பான். அம்மாவுக்கு எதிரே மட்டும் அந்த ஜோக்கெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

அன்று சாயங்காலம் அவள் அலமாரியிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணாடி வில்லையை அளவெடுத்துத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. அந்தக் கடையில் அவள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரத்த தான முகாம் நடந்திருந்தது.

"படிச்சுப் பாருங்க. அப்ப என் ரத்தத்துல எந்தத் தொற்றும் இல்லன்னு எழுதியிருக்காங்க. கல்யாணத்துக்கு நாலு மாசம் முன்னாடி."

அவன் படித்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

"இப்ப என்ன சொல்ல வரே? நான் கொடுத்தேன்கிறியா?"

"யாரு கொடுத்தாங்கன்னு நான் கேக்கலீங்க. உங்களுக்கு இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு வாங்கன்னுதான் சொல்றேன்."

"எனக்கென்ன கேடு? தலைவலின்னு ஒரு நாள் படுத்திருக்கேனா? முப்பது மாடி ஏணியில ஏறி இறங்கறேன்."

"லிஃப்ட் நல்லா ஓடிட்டு இருக்கறப்பவே வருஷா வருஷம் சோதிக்கிறீங்கல்ல?"

"அது சட்டம்மா. லிஃப்டுக்குத்தான் சர்டிபிகேட் வேணும். மெக்கானிக்குக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

உண்மையில் அவன் பயந்தான். அவனுடைய நிறுவனத்தில் ஒரு வெல்டர் இருமலோடு வந்தார். நெஞ்சில் ஏதோ என்று சொன்னார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. கூடவே இருந்து ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள்கூட அவரைப் பற்றிக் கேட்கவில்லை. அது ஒரு பயம். இன்னொரு பயம் அவன் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டது. தனக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் அம்மா சமையலறையில் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைப்பார். முப்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை, ஒரு சிவப்புப் புள்ளிக்குப் பயந்து ஒரு குழாய் ரத்தம் கொடுக்காமல் இருந்துவிட்டான்.

மாமியாரிடம் கேட்டதற்கு, "எனக்கு எதுக்கு? எங்க வம்சத்துல இப்படி ஒரு சீக்கு கிடையாது," என்று பதில் வந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறையில் வலி அடங்குவதற்குள் அவள் நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி, "ஊசி போட்டுட்டீங்களா?" என்பதுதான். குழந்தைக்குத் தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசி போட்டார்கள். மாமியார் வராந்தாவில் நின்று, "பிறந்த பச்சைக் குழந்தையைப் போட்டு இப்படிக் குத்தறாங்களே" என்று அங்கலாய்த்தார். வீட்டுக்கு வரும்போது பால்பவுடர் டப்பா தயாராக இருந்தது.

"உன் பாலைக் கொடுக்க வேண்டாம்."

"கொடுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க அத்தை. ஊசி போட்டாச்சு."

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாங்க. அவங்க வீட்டுக் குழந்தையா?"

அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்தாள். பால்பவுடர் டப்பா கட்டியாகிக் குப்பைக்குப் போனது. மீதித் தடுப்பூசிகளையும் நாள் தவறாமல் போட்டாள். ஒரு வயது கழிந்ததும் குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். கிருமி இல்லை. பாதுகாப்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவள் ஓடிவந்து மாமியாரிடம் காட்டினாள்.

மாமியார் பேத்தியை வாரி எடுத்துக்கொண்டு, "பின்னே? எங்க ரத்தமாச்சே!" என்றார்.

அவள் காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். அந்த வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருக்க அவள் நன்றாகப் பழகிவிட்டாள்.

கணவனின் அக்கா வேறு ஊரில் வாழ்ந்தாள். இரண்டு பெண்களுக்குத் தாய். வாரம் தவறாமல் அம்மாவிடம் போனில் பேசுவாள். "அவளைக் கொஞ்சம் தள்ளியே வெச்சுக்கோம்மா" என்று அவள் சொல்வது ஸ்பீக்கரில் சமையலறை வரை கேட்கும். விடுமுறைக்கு வந்தால், தன் பெண்களுக்கு இவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது என்று கண்ணாலேயே சொல்லிவைத்திருப்பாள். பிள்ளைகள் பாவம், இவள் கிட்டே வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவள் மருத்துவமனைக்குப் போவாள். ரத்தப் பரிசோதனை, கல்லீரல் ஸ்கேன். சில வருஷங்களுக்குப் பிறகு தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கணவனைக் கேட்பாள். "நீங்களும் வர்றீங்களா?" ஒரு முறை வேலை இருந்தது. ஒரு முறை மழை. ஒரு முறை, "நீதானே நோயாளி, நான் எதுக்கு?" என்றான். ஒரு முறை பதிலே சொல்லாமல் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். ஏழு வருஷத்தில் பதினான்கு முறை கேட்டாள். ஒரு கட்டத்துக்குப் பிறகு அவன் அவளுடைய கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "நோயாளியம்மா, பத்திரமா போயிட்டு வாங்க," என்பான். செல்லமாகத்தான் சொல்வான். அதில்தான் அவளுக்கு அதிகம் வலித்தது.

எட்டாவது வருஷம் அவன் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டான். இரண்டு மாதத்தில் இன்னொன்று. வலப்பக்க விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றான். ஏணியில் ஏறும்போது சுளுக்கியிருக்கும் என்று அவனே முடிவுகட்டித் தைலம் தேய்த்துக்கொண்டான். மருந்துக் கடைக்காரர் பசியில்லாததற்கு டானிக் கொடுத்தார். சக மெக்கானிக் ஒருவர் ஏதோ பச்சிலைப் பொடி கொண்டுவந்து, "ஈரலை அப்படியே கழுவி விட்ரும்," என்றார். அதையும் தின்றான்.

"ஒரே ஒரு தடவை வாங்க. உங்க கால்ல விழறேன்," என்றாள் அவள்.

"இந்த வேலை முடியட்டும். பதினெட்டாவது மாடியில புது மோட்டார் மாத்தறோம். அடுத்த வாரம் கட்டாயம் வரேன்."

அந்த வேலை முடியவில்லை. மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறையில் ஸ்பானரைக் கையில் பிடித்தபடியே அவன் தரையில் உட்கார்ந்தான். எழுந்திருக்க முடியவில்லை. லிஃப்டை அவனே நிறுத்தி வைத்திருந்ததால் பதினெட்டு மாடிப் படிகளிலும் கூட வேலை செய்தவர்கள் அவனை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில், "கயிறு இவ்வளவு லேசா இருக்கானே," என்று ஒருவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டுக் கல்லீரல் டாக்டர் நெடுநேரம் பார்த்தார். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். அவன், அம்மா, மனைவி.

"வீட்டுல யாருக்காவது ஹெபடைடிஸ் பி இருக்கா?"

"எனக்கு இருக்கு டாக்டர்," என்றாள் மனைவி. "எட்டு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி இல்ல."

"அப்ப இவரை ஏன் பரிசோதிக்கல?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தன் கைகளைப் பார்த்தான். மாமியார்தான் பேசினார்.

"அப்பவே நினைச்சேன் டாக்டர். இவகிட்டேருந்துதான் என் பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அப்படித் தோணலம்மா. பெரியவங்களான அப்புறம் இந்த வைரஸ் வந்தா நூத்துல தொண்ணூறு பேருக்கு மேல உடம்பே அதை விரட்டிடும். இவங்களுக்கு விரட்ட முடியாமப் போனது துரதிர்ஷ்டம். ஆனா உங்க மகனோட கல்லீரலைப் பாத்தா இது ஏழெட்டு வருஷத்துக் கதை இல்ல. ரொம்பப் பழசு. பிறந்தப்பவே வந்திருக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். நீங்களும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாத்துடுங்க."

"நானா? எனக்கு அறுபத்தாறு வயசு. இன்னைக்கு வரைக்கும் ஒரு மாத்திரை போட்டதில்ல."

"பாத்துடலாம்மா. ஒரு சின்னக் குழாய் ரத்தம்தான்."

அவர் கொடுத்தார். மகன் படுத்திருக்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மறுநாள் சாயங்காலம் முடிவு வந்தது. மாமியார் மருத்துவமனை வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். எங்காவது ஒரு தப்பு இருக்காதா என்று தேடினார். பெயர் சரியாக இருந்தது. வயது சரியாக இருந்தது.

கல்லீரல்தான் உடம்பின் மிகப் பெரிய சுரப்பி என்று முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவர் அவர். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லி ஐந்து மதிப்பெண் போடுவார். அந்தச் சுரப்பிக்குள் தன் வீட்டிலேயே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"எனக்கு எப்படி டாக்டர் வந்துச்சு?" என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? உங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம். சின்ன வயசுல ஒரே ஊசியைப் பத்துப் பேருக்குப் போட்டிருப்பாங்க, அதுல வந்திருக்கலாம். சில பேருக்கு எண்பது வயசு வரைக்கும் சும்மா இருக்கும். சில பேருக்கு நாப்பதுலயே புத்தியைக் காட்டிடும்."

"இவன் பிறந்தப்ப நான் பாத்திருந்தா?"

"அப்ப நீங்க இருந்த ஊர்ல இந்தச் சோதனையும் இல்ல, ஊசியும் இல்ல. அது உங்க தப்பு இல்ல." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். பிறகு மறைத்துப் பிரயோஜனமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, சொல்லிவிட்டார். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி பாத்திருக்கலாம். மாத்திரை கொடுத்திருப்போம். ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்திருப்போம். புற்றுநோய்க் கட்டி வராமலேகூடப் போயிருக்கும். வந்திருந்தாலும் இத்துனூண்டா இருக்கறப்பவே வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப பதினோரு சென்டிமீட்டர். ரத்தக் குழாய்க்குள்ள புகுந்துடுச்சு. அறுவை சிகிச்சைக்கு வழி இல்ல."

மறுநாள் வீட்டில் மாமியார் தன் தட்டையும் டம்ளரையும் எடுத்து, ஜன்னல் ஓரமாகத் தனியே வைத்தார். மருமகள் அதைப் பார்த்தாள். எடுத்துக் கழுவி எல்லாத் தட்டுகளோடும் சேர்த்து அடுக்கினாள்.

"தட்டுல பரவாது அத்தை. அன்னைக்கே சொன்னேன்."

அவள் குரலில் கோபம் இல்லை, ஆறுதலும் இல்லை. மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருமகள் அதற்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எட்டு வருஷத்து மன்னிப்பை நின்று வாங்கிக்கொள்ள அவளுக்கு அன்று நேரமில்லை.

ஒரு மத்தியானம் வார்டில் வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அவன் கண்கள் மஞ்சளாக இருந்தன. வயிறு மட்டும் பெருத்து, கையும் காலும் குச்சியாகிவிட்டிருந்தன.

"அம்மா மேல கோவப்படாதே," என்றான்.

"உங்க அம்மா மேல இல்ல. உங்க மேலதான் கோவம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிறகு சொல்லவே முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பதினாலு தடவை கேட்டேன். எனக்காக இல்ல, உங்களுக்காக. ஒரு தடவை சரின்னு சொல்லியிருந்தா இன்னைக்கு வேலைக்குப் போயிருப்பீங்க. பாப்பா ஸ்கூல்ல அப்பா என்ன பண்றார்னு கேட்டா, லிஃப்ட் ரிப்பேர் பண்றார்னு இன்னும் சொல்லிட்டு இருக்கா."

"பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா... உன்னை வெச்ச மாதிரி என்னையும் தள்ளி வெச்சிருவாங்கன்னு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது இந்த மனிதனுக்கு எட்டு வருஷமும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். இதற்கு மேல் அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்றும் இல்லை. போர்வையை இழுத்து அவன் கால்வரை மூடிவிட்டாள்.

கண்டுபிடித்த நான்காவது மாதம் அவன் இறந்தான். நாற்பத்தொரு வயது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்காகக் கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்கா முதல் நாளே வந்திருந்தாள். அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள். மருமகள் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளை ஓர் ஆளாகவே அக்கா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"யாரு கேட்டாலும் ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லிடும்மா. ஈரல், கிருமின்னு எல்லாம் பேச வேண்டாம்."

"ஏன்டி?"

"ஏன்னா? அப்புறம் குடும்பத்துக்கே இருக்கும்னு பேசுவாங்க."

"இருக்குடி. எனக்கு இருக்கு. நீயும் என் வயித்துல பிறந்தவதான். நீ போய் ரத்தம் கொடுத்துட்டு வா. நாலு மாசமா சொல்லிட்டு இருக்கேன்."

"கொடுத்து? இருக்குன்னு வந்துட்டா? என் மாமியார் வீட்டுல தெரிஞ்சா என்னை என்ன பண்ணுவாங்க தெரியுமா? நீ இவளைப் பண்ணினியே, அதையேதான் எனக்கும் பண்ணுவாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. குழாயிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. மாமியார் கூடத்துக்கு நடந்தார்.

கூடத்தில் எதிர்வீட்டுக்காரர்கள், பழைய பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் இரண்டு பேர், அவனைப் படிகளில் தூக்கி இறக்கிய மெக்கானிக்குகள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு ஆசிரியை கேட்டார். "என்ன டீச்சர் இது, திடீர்னு? என்ன ஆச்சு புள்ளைக்கு?"

"திடீர்னு இல்ல," என்றார் மாமியார். வகுப்பறையில் பேசிப் பழகிய குரல், கடைசி நாற்காலிவரை கேட்டது. "கல்லீரல்ல புற்றுநோய். ஹெபடைடிஸ் பி-ன்னு ஒரு வைரஸ், பிறந்ததுலேருந்து அவன் உடம்புல இருந்திருக்கு. நான்தான் கொடுத்திருக்கேன், தெரியாம. அவன்கிட்டேருந்து என் மருமகளுக்குப் போச்சு. அவ தனக்கு இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே வந்து எங்க எல்லாரையும் சோதிச்சுக்கச் சொன்னா. நான் அவளை ஒதுக்கி வெச்சேன். சோதிச்சுக்கல."

அக்கா சமையலறை வாசலில் நின்று, "அம்மா!" என்றாள். ஒருத்தி தன் குழந்தையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டாள். இன்னொருவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினார். மாமியார் அதையெல்லாம் பார்த்தார். எட்டு வருஷம் தான் செய்தது எப்படி இருந்திருக்கும் என்பதை முதல் தடவையாக எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார்.

"நகர வேண்டாம், பக்கத்துல உக்காந்தா வராது. அறிவியல் டீச்சர் சொல்றேன். இந்தத் தடவை சரியாத்தான் சொல்றேன்." அவர் ஒவ்வொருவரையாகப் பார்த்துப் பேசினார். "அந்தக் கிருமி என் மகனுக்கு வந்தது யாரோட குத்தமும் இல்ல. வந்திருக்கான்னு பாக்க மாட்டோம்னு இருந்தோமே, அதுதான் குத்தம். மானம் போயிடும்னு பயந்தோம். ரத்தம் கொடுத்துப் பாத்தா மானம் போகாது. பாக்காம விட்டதுல என் மகன் போயிட்டான். உங்க வீட்டுல எல்லாரும் ஒரு தடவை பாத்துக்குங்க. இல்லாதவங்க தடுப்பூசி போட்டுக்குங்க. இருக்கறவங்க டாக்டர்கிட்ட போங்க. இருக்கறவங்களைத் தள்ளி வைக்காதீங்க. ஒருத்தரைத் தள்ளி வெச்சீங்கன்னா, அதைப் பாத்துட்டு இன்னொருத்தன் தனக்கு இருக்கான்னு பாக்கவே பயப்படுவான். என் மகன் அப்படித்தான் பயந்தான்."

மெக்கானிக்குகளில் ஒருவர், பச்சிலைப் பொடி கொண்டுவந்து கொடுத்தவர், எழுந்து வந்து மருமகளிடம் கேட்டார். "அந்த டெஸ்ட் எங்கம்மா எடுக்கறாங்க?"

அக்கா அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, "ஊரைக் கூட்டி வெச்சு மானத்தை வாங்கிட்டே. இனிமே எனக்கு அம்மா இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமியார் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே பஸ் ஏறி மகளின் ஊருக்குப் போனார். வீட்டுக்குள் கூப்பிடவில்லை என்பதால் வாசலில் நின்றபடியே சம்பந்தியம்மாவிடமும் மருமகனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர்கள் என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அக்காவின் மூத்த பெண் மருமகளுக்குப் போன் செய்தாள். அம்மாவை அப்பா பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். கிருமி இருக்கிறது. கல்லீரல் இன்னும் கெடவில்லை. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். பெண்கள் இரண்டு பேருக்கும் குழந்தையாக இருக்கும்போதே தடுப்பூசி போட்டிருந்ததால் ஒன்றும் இல்லை. வீட்டில் அப்பாவைப் பெற்ற பாட்டி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாராம். அம்மா தினமும் அழுகிறாளாம்.

மருமகள் போனை வைத்துவிட்டு மாமியாரிடம் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். கடைசியில், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, அதையும் சொன்னாள்.

"உங்க முகத்துல முழிக்கவே மாட்டேன்னு சொல்றாங்களாம் அத்தை. சாகற வரைக்கும் பேச மாட்டாங்களாம்."

மாமியார் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேச வேண்டாம்," என்றார். "உயிரோட இருந்து பேசாம இருக்கட்டும்."